லூப்பர் பெடல்: வீட்டுப் பயிற்சிக்கா, மேடைக்கா?

கேள்வி, 2024 ஏப்ரல் 21

திருகோணமலையில் இருக்கிறேன். கிட்டார் வாசிப்பேன், சுமாராகப் பாடுவேன். உப்புவெளியில் ஒரு விடுதியில் சீசன் முழுவதும் வார இறுதிகளில் தனியாக வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். லூப்பர் பெடல் ஒன்று இருந்தால் தாளம், பேஸ், கோர்ட்ஸ் (சேர்த்து மீட்டும் சுரங்கள்) எல்லாவற்றையும் நானே அடுக்கிக்கொள்ளலாம், இன்னோர் ஆளுக்குப் பங்கு கொடுக்கத் தேவையில்லை என்கிறான் நண்பன். வாங்கலாமா?

ஏப்ரல் 22

வாங்குங்கள். ஆனால் நண்பன் சொன்ன காரணத்துக்காக வாங்காதீர்கள்.

லூப்பர் செய்கிற வேலை மிகச் சிறியது. ஒரு முறை மிதித்தால் நீங்கள் வாசிப்பதைப் பதியத் தொடங்கும். மறுபடி மிதித்தால் பதிவை மூடிவிட்டு, பதிந்ததை முதலிலிருந்து ஓயாமல் ஒலிக்கும். இன்னொரு முறை மிதித்தால் அதன் மேல் அடுத்த அடுக்கைப் பதியலாம். இதை வீட்டில் வைத்துப் பழகினால் வாசிப்பு திருந்தும். மேடைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலானவர்களின் காலடியில் அது கேட்பவரைச் சலிக்கவைக்கும் பெட்டி.

கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 அடி, நான்கடித் தாளம். ஓர் அடி முக்கால் விநாடி, ஒரு கட்டம் 3 விநாடி, நான்கு கட்டம் 12 விநாடி. கிட்டாரின் உடலைத் தட்டி ஒரு தாளம், தடித்த தந்தியில் பேஸ், பிறகு கோர்ட்ஸ், அதன் மேல் ஒரு சின்ன மெட்டு. நான்கு அடுக்குக்கு 48 விநாடி. அவ்வளவு நேரமும் பாட்டு தொடங்கவில்லை. பொரித்த மீனுக்காகக் காத்திருக்கும் உல்லாசப் பயணி முதல் பாட்டுக்கு உங்கள் காலை வியந்து பார்ப்பார். இரண்டாம் பாட்டுக்கு அலைபேசியைப் பார்ப்பார்.

பங்கு கொடுக்கத் தேவையில்லை என்ற அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பிறகு கவனிக்கிறேன்.

ஏப்ரல் 22, இரவு

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: ஒரே ஒரு மிதி உள்ள எளிய பெட்டி போதும். ரி.சி. எலெக்ட்ரோனிக் டிட்டோ 5 நிமிடம் வரை பதியும். பொஸ் ஆர்.சி.-1 என்றால் 12 நிமிடம். ஆர்.சி.-5 இல் 99 நினைவிடங்களும், உள்ளேயே தாளங்களும் உண்டு. எனக்கு 5 நிமிடமே அதிகம். நான் பதிவது அநேகமாக அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும். விலை மட்டும் கேட்காதீர்கள். டொலர் ஏறி இறங்கும் நாட்டில் இன்று எழுதும் விலையை நாளை யாரும் நம்பக் கூடாது.

ஏப்ரல் 25

"பயிற்சிக்கு இது எதற்கு, அலைபேசியில் இலவசமாக மெட்ரோனோம் இருக்கிறதே" என்று கேட்டவருக்கு.

நீங்கள் முந்தினாலும் பிந்தினாலும் மெட்ரோனோம் தன்பாட்டில் அடித்துக்கொண்டிருக்கும். பிசகை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் பிடிக்க மாட்டீர்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது காது கைக்குச் சலுகை கொடுக்கும். லூப்பர் வாசித்து முடிந்த பிறகு அதே பிசகைத் திருப்பிப் போட்டுக் காட்டுகிறது, அதுவும் நீங்கள் நிறுத்தும்வரை. முதல் சுற்றில் "பரவாயில்லை" என்று தோன்றிய இடம் மூன்றாம் சுற்றில் பல்லைக் கூசவைக்கும்.

அதிலும் முக்கியம் மூட்டு. சுற்றின் கடைசியும் முதலும் வந்து சந்திக்கும் இடத்தைச் சொல்கிறேன். 80 வேகத்தில் ஓர் அடி 750 மில்லிவிநாடி. மூடும்போது கால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 75 மில்லிவிநாடி, பிந்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 விநாடிச் சுற்று 12.075 ஆகிவிடும். தனியே கேட்டால் மூட்டில் ஒரு சின்ன இடறல், அவ்வளவுதான். கூடவே ஒருவர் காலம் தவறாமல் வாசித்தால் கதை வேறு. ஒவ்வொரு சுற்றுக்கும் 75 மில்லிவிநாடி இருவரும் விலகுவார்கள். பத்தாவது சுற்று முடியும்போது சரியாக ஓர் அடி விலகியிருக்கும். இரண்டே நிமிடத்தில் கச்சேரி சந்தைக்கடை.

ஆகவே தொடக்கத்தில் மேலடுக்கே வேண்டாம். இரண்டு கோர்ட்ஸ், நான்கு கட்டம், மூட்டுத் தெரியாமல் மூடுவது. அது வந்த பிறகு கோர்ட்ஸையும் விட்டுவிட்டு ஒரே சுரத்தை எட்டு அடிக்கும் வாசித்து மூடிப் பாருங்கள். அதுதான் கடினம். ஒரே சுரத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

ஏப்ரல் 26

"நான்காம் கட்டத்தின் கடைசி அடியில்தான் மிதிக்கிறேன், ஆனாலும் சுற்று குறைந்துபோகிறது" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடைசி அடியில் மிதித்தால் கடைசி அடி போய்விடும்தானே, தம்பி. மிதிக்க வேண்டியது அடுத்த சுற்றின் சமத்தில், அதாவது அதன் முதல் அடியில். முதல் மிதியும் சமத்தில், இரண்டாம் மிதியும் சமத்தில். கை கடைசி அடியோடு நின்றுவிடக் கூடாது. அடுத்த சமத்தையும் வாசித்துக்கொண்டே மிதியுங்கள்.

காலைத் தனியாகப் பழக்கலாம். கிட்டாரைச் சுவரில் சாத்திவிட்டு, பெடலுக்கு மின்சாரமும் கொடுக்காமல், கையால் ஆதி தாளம் போட்டு எட்டுக்கு ஒரு முறை மிதியுங்கள். பார்ப்பவர்களுக்குப் பைத்தியம் போலத் தெரியும்; அண்டை வீட்டாருக்கோ நிம்மதி.

வீட்டில் வெறுங்காலால் பழகிவிட்டு மேடையில் சப்பாத்தோடு மிதிக்காதீர்கள். தகடு காலில் படும் கணம் மாறிவிடும். கோயில் மண்டபத்தில் வாசிப்பவர்களுக்கு வேறு வழியில்லை, வெறுங்கால்தான். அங்கே டிட்டோவின் சிறிய உலோகப் பொத்தான் விரலை நோகடிக்கிறது. பொஸ்ஸின் அகன்ற இறப்பர்த் தட்டு பரவாயில்லை.

மே 3

வயலின் வாசிக்கும் அக்கா ஒருவர் கேட்ட கேள்வி எந்தக் கிட்டார்க்காரனுக்கும் தோன்றியிருக்காது. "சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் சுருள் முனையை வலது பாதத்தில் ஊன்றித்தான் வாசிக்கிறேன். எந்தக் காலால் மிதிப்பது?"

உண்மைதான். இந்தப் பெட்டிகளைச் செய்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டு வாசிப்பவர்களை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். வலது கால் அசைந்தால் வயலினே அசையும். இடது கால் மடங்கிக் கிடக்கிறது. சில மாதிரிகளில் ஒலி உள்ளே வந்தவுடன் தானாகப் பதியத் தொடங்கும் வசதி இருக்கிறது. தொடங்குவது அப்படித் தீரும். மூடுவது? பெடலை ஒரு பலகையில் வைத்து இடது முழங்காலுக்குக் கீழே தள்ளிப் பாருங்கள், முழங்காலை இறக்கினால் மிதிபடும்.

மே 4

முழங்கால் வழி வேலை செய்கிறதாம், ஆனால் இறக்கும்போது வில் நடுங்குகிறதாம். அப்படியானால் அக்கா, பெட்டியைப் பின்னால் தம்புராவோடு இருக்கும் மாணவியிடம் கொடுத்துவிடுங்கள். தாளம் போடத் தெரிந்த கைக்கு நம்முடைய காலைவிடத் துல்லியம் அதிகம். பெடலைக் கையால் அழுத்தக் கூடாது என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை.

தனியாகப் பழகும்போது சுருதிக்காக மட்டும் பாவிக்கிறேன் என்றால் மூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ச, ப, மேல் ச மூன்றையும் நீண்ட வில்லில் இழுத்து ஒரு சுற்று பதியுங்கள். மூட்டில் ஒரு வெட்டுக் கேட்கும். இரண்டாம் அடுக்கில், சுற்று முடிவதற்குச் சற்று முன்பே வில்லைத் தொடங்கி முதல் இடத்தைத் தாண்டும்வரை இழுத்துவிடுங்கள். வெட்டு அதற்குள் மறைந்துவிடும். நாதஸ்வரக் குழுவில் சுருதிக்கு ஒத்து ஊதுபவர் மூச்சு மாற்றுவது நமக்குத் தெரிகிறதா? அதே வேலைதான்.

மே 9

அதே அக்கா மறுபடியும். மைக் வைத்துப் பதிந்தாராம், உள்ளே ஒரு காகமும் பதிந்துவிட்டதாம்.

இது எனக்கு மிகவும் பழக்கமான காகம். எங்கள் வீட்டு முற்றத்து மாமரத்தில் அதற்கு உறவினர்கள் ஏராளம். ஒருநாள் பாடிப் பதிந்த சுற்றில் மூன்றாம் அடியில் கரைந்தது. அடுத்த சுற்றிலும் மூன்றாம் அடி. அந்தப் பதிவில் காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) தவறாமல் இருந்தது அது மட்டும்தான். பின்னேரங்களில் பாண்கார ஓட்டோ வரும். அது ஊதிக்கொண்டு வரும் பேத்தோவன் மெட்டு எந்தச் சுருதியோடும் சேராது, அழிக்கத்தான் வேண்டும்.

கிட்டாரைக் கம்பி வழியாக நேரே செருகினால் இந்தத் தொல்லை இல்லை. மைக்தான் என்றால் கருவிக்கு மிக நெருக்கமாக வையுங்கள். ஒலிபெருக்கியை மைக்கின் முதுகுப் பக்கமாகத் திருப்புங்கள். காகத்தைவிடப் பெரிய எதிரி உங்கள் ஒலிபெருக்கிதான். முதல் அடுக்கு அதிலிருந்து வெளியே வந்து, மைக்குக்குள் புகுந்து, இரண்டாம் அடுக்கோடு சேர்ந்து மறுபடியும் பதிகிறது. நான்காம் அடுக்கில் எல்லாம் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கும். வீட்டில் என்றால் ஹெட்போன் போட்டுக்கொண்டு பதிவதே நல்லது.

மே 12

இரைச்சல். இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாரும் பெடலைத்தான் குற்றம் சொல்கிறார்கள்.

நம்முடைய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். புவித்தொடர்பு சரியில்லாத பழைய வீட்டில் கிட்டாரைச் செருகினால் அந்த 50 ஹேர்ட்ஸ் ஒரு முரலாக உள்ளே வரும். ஒருமுறை வாசிக்கும்போது பொருட்படுத்த மாட்டீர்கள். லூப்பரில் ஒவ்வோர் அடுக்கும் அந்த முரலையும் சேர்த்துப் பதிகிறது. அடுக்குகள் இரட்டிக்கும்போது சாதாரண 'உஸ்' இரைச்சல் 3 டெசிபல் ஏறும். மின்முரல் ஒன்றோடொன்று ஒத்து விழுந்துவிட்டால் 6 டெசிபல் வரை ஏறலாம். எட்டு அடுக்குப் போட்டவரின் பாட்டில் பாட்டை முந்திக்கொண்டு மின்சார சபை கேட்பது இதனால்தான்.

மேலடுக்குப் பதிவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அடுத்து என்ன வாசிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரமெல்லாம் வெறும் முரல் பதிகிறது. வாசித்து முடிந்ததும் மிதித்து மூடுங்கள், பிறகு யோசியுங்கள்.

பெடல்களை வரிசைப்படுத்தும்போது லூப்பர் கடைசியில். ஒலியை முறுக்கும் டிஸ்டோர்ஷன் பெடல் அதற்கு முன்னால் இருந்தால் ஒவ்வோர் அடுக்கும் தன் தன் நிறத்தோடு பதியும். லூப்பரை முன்னால் வைத்து, ஒலியை முறுக்கும்படி வைத்த அம்ப்ளிஃபயர் வழியாக எல்லா அடுக்கையும் சேர்த்து விட்டால் களி.

மே 14

"இதெல்லாம் எட் ஷீரன் கொண்டுவந்த புதுப் பழக்கம்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

1960களிலேயே அமெரிக்க இசைக்கலைஞர் ரெரி ரைலி இரண்டு ஒலிநாடா இயந்திரங்களுக்கு நடுவே ஒரே நாடாவை ஓடவிட்டு இதைச் செய்தார். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்து இசைக்கலைஞர்கள் ரொபர்ட் ஃப்ரிப்பும் பிரையன் ஈனோவும் இரண்டு ரெவொக்ஸ் ஒலிநாடா இயந்திரங்களை வைத்துச் செய்தார்கள். முதல் இயந்திரம் பதியும். நாடா நகர்ந்துபோய் இரண்டாவதில் ஒலிக்கும். அந்த ஒலி மறுபடியும் முதலாவதற்குள் போகும். நாடா விநாடிக்கு 19 சென்றிமீற்றர் ஓடினால், 5 விநாடி பிந்தி ஒலிக்க இரண்டு இயந்திரங்களும் ஏறத்தாழ 95 சென்றிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். சுற்று நீள வேண்டும் என்றால் மேசையை நகர்த்த வேண்டும்.

காலடிக்கு வந்த கதை பிறகுதான். 1999 இல் வந்த லைன் 6 டி.எல்.4 பெடலில் 14 விநாடி லூப் இருந்தது. நிமிடத்துக்கு 70 அடி வேகத்தில் நான்கு கட்டம் அதில் அடங்கும், பலருக்கு அதுவே போதுமாக இருந்தது. 2001 இல் பொஸ் ஆர்.சி.-20. 2004 இல் ஸ்கொட்லாந்துப் பாடகி கே.ரி. டன்ஸ்டல் பிபிசி தொலைக்காட்சியில் தனியொருவராக நின்று ஆக்காய் ஹெட்ரஷ் பெடலை மிதித்தபோதுதான் வீட்டில் இருந்தவர்கள் "அது என்ன" என்று கேட்டார்கள். இங்கிலாந்துப் பாடகர் ஷீரன் அதற்குப் பிறகு வந்தவர். அவரைக் குறை சொல்லவில்லை. அரங்கம் நிறையக் கூட்டத்துக்கு முன்னால் தனியாக நின்று மூட்டுத் தவறாமல் மூடுவது சின்ன வேலை இல்லை.

மே 23

இன்று வெசாக். விடுதிகளில் வாசிப்பு இல்லை, ஆகவே நீளமாக எழுத நேரம் இருக்கிறது.

ஏழு எண்ணிக்கைத் தாளமான மிசிர சாப்பில் லூப்பர் வேலை செய்யாது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். லூப்பருக்குத் தாளம் தெரியாது, ஐயா. தொடங்கிய கணமும் மூடிய கணமும் மட்டும்தான் அதற்குத் தெரியும். ஏழுக்கு மூடினால் ஏழு, ஐந்துக்கு மூடினால் ஐந்து. நீங்கள் சொல்லும் தொல்லை உள்ளே தாளம் இருக்கும் மாதிரிகளில் வருகிறது. தாளத்தை நான்கில் வைத்துவிட்டு ஏழு வாசித்து மூடினால், சில பெட்டிகள் தங்கள் கட்டம் நிறையும்வரை காத்திருந்து எட்டாக்கிவிடும். உங்கள் சாப்பின் வாலில் ஓர் அட்சரம் (எண்ணிக்கை) வெறுமையாகத் தொங்கும். உள்தாளத்தை நிறுத்துங்கள், அல்லது ஏழுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

ஏழு பழக ஒரு வழி சொல்கிறேன். தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து "தகிட தகதிமி" என்று ஒரு சுற்று பதியுங்கள். அதன் மேல் நான்கு அட்சர நீளமுள்ள ஒரு சொற்றொடரை நிறுத்தாமல் வாசியுங்கள். சொற்றொடர் ஏழு முறை, சுற்று நான்கு முறை, 28 ஆவது அட்சரம் முடிந்தவுடன் இரண்டும் சமத்தில் வந்து நிற்கும். இடையில் எண்ணக் கூடாது. எண்ணாமல் சமம் வருவதை உடம்பு உணரும்வரை செய்யுங்கள். எனக்கு இது வசப்பட நெடுநாள் எடுத்தது, இன்னும் களைப்பான நாட்களில் தவறுகிறது.

பாதி வேகம் பற்றியும் கேட்டிருந்தார்கள். சில பெடல்களில் உண்டு. வேகம் பாதியானால் சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கும். பேஸ் கிட்டார் இல்லாதவர்கள் இதைக் கள்ளத்தனமாகப் பாவிக்கலாம்: இரட்டை வேகத்தில் வாசித்துப் பதிந்து, பாதி வேகத்துக்கு மாற்றினால் சரியான காலத்தில் ஒரு பேஸ் கிடைக்கும். சற்றுத் தூக்கக் கலக்கத்தில் வாசித்த பேஸ் போல இருக்கும். இருந்தாலும் பேஸ்.

ஜூன் 8

கச்சான் காற்று கொதித்துக்கொண்டு அடிக்கிறது. நேற்று அதைவிடச் சூடாக ஒரு விவாதம்.

மிருதங்கமும் டோலக்கும் வாசிக்கும் அண்ணா ஒருவரை விடுதி வாசிப்புக்கு அழைத்துப்போனேன். நான் கோர்ட்ஸைச் சுற்றுக்குள் போட்டுவிட்டு மேலே வாசித்தேன். நான்கு பாட்டு முடிந்ததும் டோலக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தப் பெட்டி எனக்காக ஒரு கணமும் நிற்காது. நான் மட்டும் ஏன் அதன் பின்னால் ஓட வேண்டும்?"

"அண்ணா, காலப்பிரமாணம் அசையக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே நீங்கள்தானே. இது அசையவில்லை."

"காலப்பிரமாணம் என்பது இருவரும் சேர்ந்து பிடிப்பது. இது நீ மட்டும் பிடித்து வைத்துவிட்டுப் போனது."

அவர் சொல்வது பழமை என்றுதான் அப்போது நினைத்தேன். கொட்டியாரக்குடாப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்தவரைக் கோபத்தோடு அனுப்பவும் மனமில்லை. தேநீர் குடித்து முடியும்வரை இருவரும் பேசவில்லை.

ஜூன் 9

இரவு முழுவதும் யோசித்ததில் அவருடைய முறைப்பாடு இரண்டாகப் பிரிகிறது.

முதல் பாதி வெறும் ஒலி விவகாரம். லூப் கேட்பவர்களை நோக்கிய ஒலிபெருக்கியில் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவர் அதன் பின்னால் உட்கார்ந்திருந்தார். கடல் இரைச்சலுக்குள் அவருக்குக் கேட்டது பாதிதான், அதுவும் எதிர்ச் சுவரில் பட்டுப் பிந்தி வந்தது. தாளக்காரரின் காதருகே ஒரு சிறிய ஒலிபெருக்கி வைக்காமல் லூப்பரோடு வாசிக்கச் சொல்வது அநியாயம்.

மற்றப் பாதியில் அவர் சொல்வது சரி. லூப்புக்குள் அடி எவ்வளவு துலக்கமாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கூட வாசிப்பவரின் கை கட்டப்படுகிறது. ஆகவே அடியை லூப்புக்குள் போடாமல் இருந்தால் என்ன? கிட்டாரின் ஒலியளவுக் குமிழைச் சின்னவிரலால் பூச்சியத்தில் வைத்து, தந்தியை மீட்டிய பிறகு மெதுவாகத் திறந்தால் மீட்டிய சத்தமே இல்லாமல் ஒலி மட்டும் வீங்கி வரும். அப்படி ஒரே கோர்டை இரண்டு மூன்று அடுக்காகப் பதிந்துவிட்டால் அதில் பிடித்துக்கொள்ள அடி கிடையாது. டோலக் விரும்பியபடி இழுக்கலாம், தள்ளலாம், நான் அவரைப் பின்தொடரலாம். கோர்ட் மாறாத பாட்டுக்கு மட்டும்தான் சரிவரும் என்பது உண்மை. பஜனைகளில் பலவற்றுக்குப் போதும்.

ஜூன் 15

செய்து பார்த்தோம். அண்ணா பேசாமல் வாசித்தார், கடைசியில் "இது சுருதிப் பெட்டி, இதோடு எனக்குச் சண்டை இல்லை" என்றார். பிறகு தானே மைக்கை இழுத்து டோலக்கை ஒரு சுற்று பதியச் சொல்லி, அதன் மேல் தானே தனி வாசித்துக்கொண்டிருந்தார். சாப்பாடு பரிமாறுபவர்கள் தட்டோடு நின்றுவிட்டார்கள்.

பங்கு பற்றி: பாதிக்குப் பாதி. முதலில் கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டும். தாளத்தை அடுக்கிய பெட்டி, நீங்கள் சொல் மறந்து தடுமாறும்போது ஒரு தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு) போட்டு உங்களைக் காப்பாற்றாது.

ஜூலை 2

மேடையில் சலிக்கவைக்கும் பெட்டி என்று எழுதினேன் அல்லவா. அந்தச் சொல்லைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். சலிப்பு வருவது அடுக்கைக் கட்டிக் காட்டுவதால். கட்டுவதை ஒளித்துவிட்டால் சலிப்பு இல்லை.

வழி இதுதான். குரலை லூப்பருக்குள் விடாதீர்கள். கிட்டார் மட்டும் அதன் வழியாகப் போகட்டும், பாட்டு மைக் நேரே மிக்ஸருக்குப் போகட்டும். அப்படி என்றால் பாடிக்கொண்டே பதியலாம். முதல் சரணத்தைச் சாதாரணமாகப் பாடி வாசியுங்கள். அதே நேரத்தில் கால் பதிந்துகொண்டிருக்கும். இரண்டாம் சரணத்துக்குக் கோர்ட்ஸ் தானே ஒலிக்கும், கை மெட்டு வாசிக்க விடுதலை. எப்போது பதிந்தீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. 48 விநாடிக் கணக்கு இங்கே பூச்சியம்.

பாட்டுத் தேர்வில் கறாராக இருங்கள். சரணத்துக்கு ஒரு கோர்ட் வரிசை, பல்லவிக்கு வேறு வரிசை என்றால் ஒரு தடம் உள்ள பெடல் கைவிட்டுவிடும். திரைப்பாடல்களில் பல இதனால் ஒத்துவருவதில்லை. இடையிசையில் கோர்ட்ஸ் மாறும், சிலவற்றில் சுருதியே மாறும். முதலிலிருந்து கடைசிவரை ஒரே வரிசையில் சுழலும் பாட்டைத் தேடுங்கள்.

பைலா ஆட்டப் பாட்டு என்றால் தேடவே தேவையில்லை. இரண்டு மூன்று கோர்ட்ஸ், ஆறெட்டுத் தாளம், சுற்றிக்கொண்டே இருக்கும். இங்கேயும் மட்டக்களப்பிலும் உள்ள போர்த்துக்கேயப் பறங்கியரின் கஃபிரிஞ்ஞாவிலிருந்து வந்த ஆட்டம் அது. உப்புவெளியில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், வெள்ளைக்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளும் இசை வேறொன்றை நான் காணவில்லை. மூடும்போது மட்டும் எச்சரிக்கை. ஆறை மூன்று மூன்றாகவும் கேட்கலாம், இரண்டிரண்டாகவும் கேட்கலாம். கை ஒரு விதமாகவும் கால் இன்னொரு விதமாகவும் எண்ணினால் மூட்டு நான்கிலோ ஐந்திலோ விழும். ஆடுபவர்கள் அதை உங்களுக்கு முன்பே காலால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முடிப்பது இன்னொரு தலையிடி. ஒரே மிதி உள்ள பெடலில் நிறுத்துவதற்கு இரட்டை மிதி. முதல் மிதிக்கே அது மேலடுக்குப் பதிவைத் திறந்துவிடுகிறது, இரண்டாவதற்குத்தான் நிற்கிறது. ஆர்.சி.-1 இல் நிறுத்துவதற்கென்று வெளி மிதி ஒன்றைச் செருகலாம், செருகுங்கள். அல்லது லூப்பருக்குப் பிறகு ஒரு வொல்யூம் பெடல் வைத்து மெல்லத் தேய்த்து முடியுங்கள். லூப் தானாகத் தணியத் தெரியாத ஒன்று. மேடையில் தணிப்பதும் ஏற்றுவதும் அந்த வொல்யூம் பெடலின் வேலை.

ஜூலை 3

"இப்படி ஒளித்துச் செய்தால் லூப்பர் வைத்திருப்பதே யாருக்கும் தெரியாதே" என்று ஒருவர் வருந்துகிறார். விலைச்சீட்டைக் கிட்டாரில் ஒட்டிவிடுங்கள்.

ஜூலை 19

மின்சாரம், உப்பு.

2022 மார்ச்சில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்டவர்கள் மின்கலத்தைப் பற்றிக் கேட்பதில் வியப்பில்லை. டிட்டோவுக்கு மின்கலம் போட முடியாது, அடப்டர்தான். பொஸ் ஆர்.சி.-1, ஆர்.சி.-5 இரண்டும் 9 வோல்ட் மின்கலத்தில் ஓடும், ஆனால் இரவு முழுவதற்கும் நம்பக் கூடாது. விடுதி ஜெனரேற்றர் தொடங்கும்வரை தாண்டிவிடலாம்.

அடப்டர் தொலைந்தால் கடையில் ரௌட்டர் அடப்டரை வாங்கிச் செருகாதீர்கள். 9 வோல்ட் என்று அதில் எழுதியிருந்தாலும் ரௌட்டர்களுக்கு அநேகமாக நடுமுனை நேர், பெடல்களுக்கு நடுமுனை எதிர். அடப்டரின் முதுகில் சிறிய வட்டப் படம் இருக்கும், நடுப்புள்ளி எந்தக் குறியோடு சேர்கிறது என்று பார்த்து வாங்குங்கள். மாறிச் செருகி உயிரை விட்ட பெடல்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடற்கரையில் வாசிப்பவர்கள் வீடு வந்ததும் செருகிகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உப்புக்காற்று செருகியில் பச்சை பிடிக்கவைக்கும், குமிழ்களைக் கரகரக்கவைக்கும். மருந்துப் போத்தல்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பைகளை எறியாமல் பெடல் பைக்குள் போட்டுவையுங்கள். மணல் வேறு. அதற்கு மருந்து, பெடலைத் தரையில் வைக்காமல் ஒரு பலகையில் வைப்பது.

ஆகஸ்ட் 11

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். 99 நினைவிடம் உள்ளதையே வாங்கிவிட்டாராம். வீட்டில் பொறுமையாக அடுக்கிப் பதிந்து வைத்துவிட்டு, விடுதியில் ஒவ்வொன்றாகத் திறந்து பாடலாமா என்று கேட்கிறார்.

தாராளமாகப் பாடுங்கள், மடிக்கணினியில் பின்னணி இசை போட்டுப் பாடுபவர்கள் இந்தக் கடற்கரையில் நிறையப் பேர், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அதை லூப்பர் வாசிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். பதியாத பெடலை ஒவ்வொரு கட்டத்துக்கும் மிதிப்பது போல நடிக்கவும் வேண்டாம். ஒருவர் அப்படி நடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போனதை நான் பார்த்தேன்.

செப்டெம்பர் 1

பழைய பெடல் வாங்கப் போகும் தம்பிக்கு, சுருக்கமாக. உங்கள் கிட்டாரையும் உங்கள் அடப்டரையும் எடுத்துப்போங்கள். ஒன்றும் வாசிக்காமல் பத்து விநாடி பதிந்து, அதன் மேல் இன்னும் நான்கு வெற்று அடுக்குப் பதிந்து கேளுங்கள்; இரைச்சல் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஒரே சுரத்தை வேகமாகப் பதிந்து மூடுங்கள், திரும்பத் திரும்ப. ஒரு மிதிக்கு இரண்டு முறை வேலை செய்தாலோ, சில மிதிகளைத் தவறவிட்டாலோ பொத்தான் தேய்ந்துவிட்டது. பொத்தானை மாற்றித் தருவார்கள், நகரில் நல்ல திருத்துநர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். செருகியை மெல்ல அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் உள்ளே பற்றாசு விட்டிருக்கும், அதுவும் திருத்தக்கூடியதே. பதிந்த சுற்று ஒலிக்கும்போது நீங்கள் வாசிக்காத 'டிக்' என்ற சத்தம் வேறு வேறு இடங்களில் வந்தால் அது நினைவகத்தின் கோளாறாக இருக்கலாம். அதை வாங்க வேண்டாம்.